ஆழ்கடல் மாப்பிள்ளையின் முதல் சவாரி

"வாய மூடு. முழங்கால் தண்ணியில மீன் காட்ட ஒரு படகு, அதுக்கு ஒரு மகாராணி."

"முழங்கால் தண்ணியிலதாம்ப்பா இப்ப மீன் இருக்கு. நடுக்கடல்ல காத்துதான் இருக்கு."

"காத்தப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

"உங்களுக்குச் சொல்லல. உங்க மாப்பிள்ளைக்குச் சொல்றேன்."

"நான் ஒண்ணுமே பேசலையே" என்றது மூன்றாவது குரல், பேசுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு.

விடிந்தும் விடியாத நேரம். அந்த வீட்டுக்குச் சுவர் இருக்கிறதே தவிர, அதனால் தெருவுக்கு எந்த இடைஞ்சலும் கிடையாது. எதிர்வீடு, பக்கத்து வீடு, மூலை வீடு என்று எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. எவரும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குத் தெளிவாகக் கேட்டது.

கத்தியவர் கேப்டன். கேப்டன் என்றால் கப்பல் ஓட்டியவர் என்று நினைத்து யாரும் மரியாதை கொடுத்துவிட வேண்டாம். படகுத்துறையில் டிக்கெட் கிழித்த காலத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கினார். வேலை போனது, தொப்பி தங்கியது. அதைப் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்க்க வருகிறவர்களைத் தூண்டில் போட அழைத்துப் போகும் தொழிலை ஆரம்பித்தார். இரண்டு படகுகள். பெரியது வெளிக்கடலுக்கு. தட்டை அடியுள்ள சின்னது, கரையோர உப்பங்கழிக்கு. சின்னப் படகை ஓட்டுகிறவள், இப்போது அவரை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த சின்ன மகள்.

அந்தச் சின்னப் படகைத்தான் விற்கப்போவதாக அவர் போன வாரம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். பெரிய படகுக்குப் புது எஞ்சின் வேண்டுமாம். வாங்குகிற ஆள் இன்று சாயங்காலம் வருகிறான். நடுவில் ஒரே ஒரு முட்டுக்கட்டை. கடற்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் விடுதி, தன் விருந்தினர்களை இந்தப் பருவம் முழுக்க ஒரே இடத்துக்கு அனுப்பப்போகிறது. அதற்கு முன்னால் விடுதி மேலாளர் அம்மா தானே வந்து தூண்டில் பிடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். காலையில் வெளிக்கடல், மதியம் கரையோரம்.

அவருக்கு எந்தப் படகு பிடிக்கிறதோ அது பிழைக்கும். கரையோரம் பிடிக்காவிட்டால் சாயங்காலமே சின்னவள் கையிலிருந்து படகு போய்விடும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் பணிவும் கிடையாது.

"மதியம்லாம் அந்தம்மாவுக்குத் தேவையே படாது" என்றார் மாப்பிள்ளை. "காலையிலயே மனசு நிறைஞ்சிடும். ஆழ்கடல்னா ஆழ்கடல்தான்."

இவர்தான் பெரிய மகளின் கணவர். கல்யாணத்துக்கு முன்பு தரை ஓடு விற்கும் கடையில் இருந்தார். இங்கே வந்த பிறகு வாய்க்கு வாய் ஆழ்கடல். பல் தேய்க்கும்போது கூட ஆழ்கடல். தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்து, சட்டையில் தைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெரிய படகை இதுவரை ஓட்டியது சம்பளத்துக்கு இருந்த ஒருவர். மாப்பிள்ளையின் உபதேசம் தாங்காமல் அவர் குளிர்காலம் முடிவதற்குள் விலகிவிட்டார். ஆக, மாப்பிள்ளை தலைமையில் இன்றுதான் முதல் சவாரி.

"என்னங்க" என்றாள் பெரியவள். அந்த வீட்டில் குரல் உயர்த்தாமல் பேசுகிற ஒரே ஆள். அதனாலேயே யாருக்கும் கேட்காது. "அந்தப் பெட்டிய ஒரு தடவ திறந்து பாத்துட்டுப் போங்க."

"எந்தப் பெட்டி?"

"இரைப் பெட்டி. நான் குளிருக்கு எடுத்து வச்சது."

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ அடுப்பப் பாரு."

"இல்லங்க, அதுல..."

"கிளம்புற நேரத்துல என்ன தொணதொணப்பு" என்று கேப்டன் தொப்பியை எடுத்து மாட்டினார்.

பெரியவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

வாசலில் சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் படகு வெயில் நன்றாக ஏறின பிறகுதான் கிளம்பும்.

"தூங்கி எழுந்து, சூரியனுக்கு வணக்கம் சொல்லிட்டு, மெதுவா வா" என்றார் மாப்பிள்ளை.

"சேறு சூடாகணும் அத்தான். சூடானாத்தான் மீன் ஏறி வரும்."

"சேத்துக்கெல்லாம் காய்ச்சல் பாக்கற குடும்பம் இது."

"நீங்க ரெண்டு வேள வாந்தி எடுத்துட்டு வாங்க. உங்க காய்ச்சலும் பாக்கறேன்."

துறையில் மற்றப் படகுகளெல்லாம் கட்டியபடியே கிடந்தன. குளிர் போய்விட்டது. ஆனால் காற்று இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. வசந்தத்தின் ஆரம்பத்தில் வெளிக்கடல் அப்படித்தான். விடியற்காலையில் சாதுவாக இருக்கும், வெயில் ஏற ஏற முதுகைத் தூக்கும். தொழில் தெரிந்தவர்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் பதிலுக்கு டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினார்கள்.

மேலாளர் அம்மா சரியாக வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டை முடி, கழுத்தில் கண்ணாடி தொங்கும் கயிறு. அதிகம் பேசாதவர். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு ஒரு குஷி வந்துவிடும். காலியாக இருக்கிற இடத்தையெல்லாம் தாங்களே நிரப்பிவிடுவார்கள்.

கரை மறைகிற வரைக்கும் மாப்பிள்ளை ஆழ்கடலின் பெருமையைச் சொன்னார். கரை மறைந்த பிறகு கேப்டனால் எதையும் கேட்கமுடியவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"மாமாவுக்குப் பித்தம்" என்றார் மாப்பிள்ளை. "கடல் ஒத்துக்காம இல்ல."

"தொப்பி விழப்போகுது" என்றார் மேலாளர் அம்மா.

விழவில்லை. அதைவிட முக்கியமானதெல்லாம் விழுந்தது.

பச்சைத் தண்ணீர் மாறி நீலம் தொடங்குகிற இடத்தில் மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். அதை எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும் என்றாலும், ஏதோ தானே வர்ணம் அடித்ததுபோல் காட்டினார். பெட்டியைத் திறந்து இரைகளை எடுத்தார். எல்லாம் பொய் இரை. மீன் மாதிரி தலை, அதற்குக் கீழே நார் நாராகத் தொங்கும் ரப்பர் ஜாலர். பின்னால் தூண்டில் நரம்பில் கட்டி விட்டுவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டே இருந்தால், ஓடுகிற மீன் என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். ஜாலருக்கு உள்ளே இருக்கும் தூண்டில் முள், வாயில் ஏறும். அதுதான் ஏற்பாடு.

முதல் கவ்வல் சீக்கிரமே வந்தது. தூண்டில் ராட் வளைந்தது. நரம்பு சுற்றும் ரீல் கிறீச்சிட்டது. மேலாளர் அம்மா எழுந்து பிடித்தார். அடுத்த நொடி நரம்பு தளர்ந்துவிட்டது.

"மேடம், தளரவிட்டுட்டீங்க" என்றார் மாப்பிள்ளை.

"விடலையே."

"புதுசா வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

இரண்டாவது கவ்வல். மறுபடி வளைந்தது, மறுபடி தளர்ந்தது.

"கை நடுங்குது உங்களுக்கு. ராட்ட இடுப்புல ஊனிக்கணும். சமையக்கட்டுக் கரண்டி மாதிரி பிடிச்சா மீன் எப்படி வரும்?"

"நான் சமைக்கறதில்ல."

"அதான் மணிக்கட்டுல பலமில்ல" என்றார் மாப்பிள்ளை, ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்ட மருத்துவரின் திருப்தியோடு.

ஓரத்தில் குனிந்திருந்த கேப்டன் தலையைத் தூக்கினார். "எல்லாருக்கும் வந்துடாதும்மா. மனசு தளரக்கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். தான் படகில் இருப்பதே ஒரு முதலாளியின் ஆதரவு என்பது அவர் எண்ணம்.

மீன்கள் அன்று தாராளமாகத்தான் இருந்தன. கவ்வின, இழுத்தன, வெறும் ரப்பரைச் சுவைத்துவிட்டு விட்டன. ஒவ்வொரு முறையும் மேலாளர் அம்மாவுக்கு ஒரு புதுக் குற்றம் கிடைத்தது. நின்ற விதம் தப்பு. உட்கார்ந்த விதம் தப்பு. போட்டிருந்த செருப்பு தப்பு. கடைசியில் மாப்பிள்ளை, "தப்பா நினைக்காதீங்க, பொம்பளைங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, பிடி கம்மி" என்று பொதுவாகவே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளை திரும்பிப் படகை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா தன் நரம்பைத் தானே சுருட்டி உள்ளே இழுத்தார். இரையைக் கையில் பிடித்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரப்பர் ஜாலரை விரலால் விலக்கிப் பார்த்தார்.

முள் இல்லை.

அடுத்த ராட்டையும் சுருட்டினார். அதிலும் இல்லை.

முதல் இரையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றதை மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் வெகு நேரம் அந்தப் படகு வெளிக்கடலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேலாளர் அம்மா அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் தன் குழியைத் தானே இவ்வளவு ஆசையாக வெட்டும்போது மண்வெட்டியைப் பிடுங்குவது நாகரிகம் இல்லை என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை துறையில் இருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: "மீனெல்லாம் வரிசையா வந்துது. மேடம்தான் விட்டுட்டாங்க. பரவால்ல, பழகிடுவாங்க."

கேப்டனை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். தொப்பியை மூன்றாவது ஆள் கொண்டுவந்தார்.

மேலாளர் அம்மா ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். சின்னவளைப் பார்த்து, "உன் படகு எங்கம்மா?" என்றார்.

"மேடம், ரெஸ்ட் எடுங்க" என்றார் மாப்பிள்ளை. "இவ கூட்டிட்டுப் போறது குளம் மாதிரி."

"குளம்னாலும் பாத்துடறேன்."

சின்னவளைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தேன் ஒழுகப் பேசி வாடிக்கையாளரை வளைக்கிற ரகம் இல்லை. படகில் ஏறுகிறவர்கள் எல்லோரையும், தன் தண்ணீரைக் கெடுக்க வந்தவர்கள் மாதிரிதான் பார்ப்பாள். பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கிற அன்றும் அது மாறவில்லை.

"கால தட்டாதீங்க. சத்தம் சேத்துல இறங்கும்."

"சரி."

"பேசாதீங்க."

"நான் பேசவே இல்ல."

"இப்பப் பேசினீங்களே."

உப்பங்கழிக்குள் போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, நீளமான கம்பை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனாள். காற்றுக்கு மறைவான வளைவு. தண்ணீர் முழங்கால் அளவு. அடியில் கறுப்புச் சேறு. காலையிலிருந்து வெயில் குடித்துக் குடித்து அது வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. ஆழத்தில் குளிர்ந்து விறைத்த கொடுவா மீன்கள் அந்தச் சூட்டுக்காக மேடேறி வந்து, அசையாமல் கிடந்தன. வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நம் தெருக்காரர்களைப் போலத்தான்.

சின்னவள் விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். மேலாளர் அம்மா தூண்டிலை வீசினார். நிழல் ஒன்று திரும்பியது. அவர் வெடுக்கென்று ராட்டைத் தூக்கினார். நிழல் காணாமல் போய்விட்டது.

"வாயில போடறதுக்கு முன்னாடியே பிடுங்கினா எப்படி மேடம்? தட்டுல கை வச்சவன்கிட்டயிருந்து தட்ட இழுப்பீங்களா?"

"என் தப்பா?"

"உங்க தப்புதான். ஒரு மூச்சு விட்டு இழுத்து, அப்புறம் தூக்கணும்."

மேலாளர் அம்மா சிரித்துவிட்டார். "காலையிலேர்ந்து என் தப்பு என் தப்புன்னுதான் கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பதான் நம்பறேன்."

சின்னவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் இல்லை. அடுத்த வளைவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே அந்த அம்மா ஒரு மூச்சு விட்டார், இழுத்தார், தூக்கினார். மீன் மாட்டியது. படகைச் சுற்றி ஒரு முறை ஓடி, கம்பைச் சுற்றி ஒரு முறை ஓடி, கடைசியில் பக்கவாட்டில் படுத்தது. சின்னவள் வலையில் தூக்கினாள். மேலாளர் அம்மா முகம் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது. ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"சின்னது" என்றாள் சின்னவள். "விட்டுடலாம்."

விட்டார்கள். வியாபாரம் என்றால் என்ன என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று அப்போது தெருவில் எவரைக் கேட்டிருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் படகுக் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். கேப்டன் சோடா குடித்து ஒருவாறு தெளிந்திருந்தார். மாப்பிள்ளை தலை வாரியிருந்தார். பெரியவள் டீ கொண்டுவந்தாள். வேலியை ஒட்டி நம் தெருக்காரர்களில் பாதிப் பேர் எதையோ தேடுகிற மாதிரி நின்றார்கள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் கேப்டன். "ஆழ்கடல் அனுபவம் எப்படி?"

மேலாளர் அம்மா கைப்பையைத் திறந்து, ரப்பர் ஜாலர் வைத்த அந்த இரையை மேசைமேல் வைத்தார்.

"இதுல முள் எங்க இருக்கு?"

மாப்பிள்ளை அதை எடுத்தார். ஜாலரை விலக்கினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். முள் உள்ளே ஒளிந்திருந்து விழும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பிறகு எழுந்து பெட்டியைக் கவிழ்த்தார். அத்தனையிலும் ஜாலர் இருந்தது. ஒன்றிலும் முள் இல்லை.

அந்தக் குடும்பத்துப் பழக்கம் இது. குளிர்காலம் வந்ததும் பெரியவள் எல்லா இரைகளிலிருந்தும் துருப்பிடித்த முட்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பாள். பருவம் தொடங்கும்போது புது முள் மாட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டிய பழைய ஆள் இருந்தவரை பெட்டியைத் திறந்து பார்த்து, அவளிடம் முள் கேட்டு வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளை எவரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை.

"நாளெல்லாம் மீனுக்கு ரப்பர் ஊட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் சின்னவள்.

மாப்பிள்ளை சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். "நீ ஏன் மாட்டி வைக்கல?"

"பெட்டியத் திறந்து பாருங்கன்னேன்."

"முள் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வாயெடுத்தேன். அடுப்பப் பாருன்னீங்க. பாத்தேன்."

வேலியோரத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"தொழில்னா இதெல்லாம் சகஜம்" என்றார் கேப்டன். "மேடம் பெரிய மனசு பண்ணி..."

"முள் இல்லாதது சகஜம்தான்" என்றார் மேலாளர் அம்மா. "அதுக்கு என் மணிக்கட்ட திட்டினதுதான் சகஜமில்ல. எங்க விருந்தாளிங்க சின்னப் படகுல வருவாங்க. இந்தப் பொண்ணும் திட்டுது. ஆனா எதுக்குத் திட்டுதுன்னு அதுக்குத் தெரியுது."

"அப்ப வெளிக்கடலு?"

"காத்து அடங்கட்டும். பெட்டியத் திறந்து பாக்கற ஆள் ஒருத்தர் கிடைச்சா சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துப் படகு வாங்க வருகிறவனிடமிருந்து கேப்டனுக்குப் போன் வந்தது. கேப்டன் போனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். பெரியவள் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வர வேணாங்க. படகு விக்கறதுக்கில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரல் அன்றுதான் வேலி வரைக்கும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு சின்னவள் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு. முள்ள மாட்ட மறந்தியா, இல்ல மாட்டாம விட்டியா?"

பெரியவள் காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "டீயில சக்கர சரியா இருந்துதா?" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள். வேலியோரம் மிச்சமிருந்தவர்கள் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு பதிலோடு படுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். சின்னவளுக்கு அந்த வருஷமே கல்யாணம் ஆனது. கட்டிக்கொண்டவன் எஞ்சின் பழுது பார்க்கிற மெக்கானிக். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவள் படகு எஞ்சினை அவன் மாதக்கணக்கில் பழுது பார்த்துக்கொண்டிருந்ததை இந்தத் தெருவில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்பது எங்களுக்கெல்லாம் பெரிய தலைகுனிவு. இருவரும் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார்கள். விருந்தினர்கள் வரிசையில் நின்று அவளிடம் திட்டு வாங்குகிறார்கள்.

பெரியவள் காற்று அடங்கியதும் இரைப் பெட்டியையும் தன் துணிமணியையும் எடுத்துக்கொண்டு, துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேலே உள்ள அறைக்கு மாறிவிட்டாள். பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, பெரிய படகை அவள்தான் அனுப்புகிறாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆக எதிர்வீட்டில் இப்போது மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் ஒருவர் சமைத்ததை மற்றவர் திட்டுகிறார். அந்தப் பேச்சில் பழைய வீச்சு இல்லை. ஜன்னலோரம் நிற்பதையே பலர் விட்டுவிட்டார்கள்.

நேற்று மத்தியானம் மாப்பிள்ளை கையில் துணிப் பெட்டியோடு வீட்டைப் பூட்டாமல் கிளம்பினார். ஊரைவிட்டுப் போவதானால் பஸ் நிலையத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம் திரும்பினார். ஐஸ் கம்பெனி மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி, மேலே நின்று பெரியவளின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. யார் என்ன பேசினார்கள் என்பது ஐஸ் அரைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. உள்ளே போனவர் பொழுது சாய்கிற வரைக்கும் இறங்கி வரவில்லை. பெட்டி மட்டும் வாசலுக்கு வெளியிலேயே இருந்தது; ஆளை உள்ளே விட்டவள் பெட்டியை இன்னும் விடவில்லை.